கொல்லிமலைக்கு எத்தனை முகவரிகள்?

கொல்லிமலை என்று எழுதத் தமிழில் ஐந்து எழுத்து போதும்: கொ, ல், லி, ம, லை. கணினிக்குள் போனதும் அது ஒன்பதாகிறது. யூனிகோடு முறை அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண், அதனோடு சேரும் உயிர்க்குறிக்கு ஒரு குறியெண், புள்ளிக்கு ஒரு குறியெண் என்று பிரித்து வைத்திருக்கிறது. ஐந்து எழுத்தில் ‘ம’வுக்கு மட்டும் ஒரு குறியெண், மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. இந்த ஒன்பதும் யூடிஎஃப்-8 முறையில் இணையத்தில் பயணம் செய்யும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 27 பைட். அதே பெயரை ஓர் இணைய முகவரிக்குள் வைத்தால், ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதன்பின் இரண்டு குறிகளுமாக விரியும். ஐந்தெழுத்துப் பெயர் 81 குறிகள் நீளமாகிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் தமிழ்ப் பக்கத்தின் இணைப்பு சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட வாலாக வந்து விழுவது இதனால்தான்.

நீளம் ஒரு தொல்லை, அவ்வளவே. உண்மையான சிக்கல் முதல் எழுத்தில் இருக்கிறது. ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக வைப்பது ஒரு வழி. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எந்தக் கண்ணாலும் பிரித்தறிய முடியாது. யூனிகோடு தரமும் இரண்டும் சமம் என்றே சொல்கிறது. ஆனால் இரண்டாவது வழியில் குறியெண்கள் பத்து, பைட்டுகள் 30, முகவரியில் நீளம் 90. இணையச் சேவைக்கணினி முகவரியைப் பைட் பைட்டாக ஒப்பிடும். அதன் பார்வையில் இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள்.

மலையடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி நாம் போய்ச் சேரும் சோளக்காட்டுக்கும் இதே கதிதான். ‘சோ’விலும் கொம்பும் காலும் உண்டு. இரண்டு பெயர்களும் ஒரே முகவரியில் வந்தால், பார்க்க ஒன்றாகவே இருக்கும் நான்கு முகவரிகள் சாத்தியம்.

இந்த அத்தியாயம் தேடுபொறிகளைப் பற்றியது. ஒரு தளத்தின் பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளை, அதாவது உள்ளிணைப்புகளை, எந்த வடிவத்தில் எழுதுகிறோம் என்பது அந்தப் பக்கங்கள் தேடலில் கிடைக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பொறுப்பு ஒரு பங்கு கூடுதல்.

தவழி எதைப் பின்தொடரும்?

கூகுள் போன்ற தேடுபொறி நாம் தேடும் நொடியில் இணையத்தைத் துழாவுவதில்லை. அதன் தவழி நிரல் முன்பே பக்கம் பக்கமாகப் போய்ப் படித்து, இண்டெக்ஸ் என்கிற பெரிய அட்டவணையில் சேர்த்து வைத்திருக்கிறது. நாம் தேடுவது அந்த அட்டவணைக்குள்தான். தவழிக்குப் புதிய பக்கம் ஒன்று இருப்பது பெரும்பாலும் இணைப்பு வழியாகவே தெரியவருகிறது. படித்த பக்கத்தில் உள்ள இணைப்புகளை எடுத்துத் தன் வரிசையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கும்.

இணையம் எல்லாப் பக்கமும் எல்லாப் பக்கத்தோடும் கோத்த ஒரே வலை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களை 2000ஆம் ஆண்டில் ஆண்ட்ரே பிராடரும் அவருடைய சக ஆய்வாளர்களும் திடுக்கிட வைத்தார்கள். ஆல்ட்டாவிஸ்டா தேடுபொறி திரட்டிய ஏறத்தாழ 20 கோடிப் பக்கங்களையும் அவற்றுக்கிடையிலான 150 கோடி இணைப்புகளையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். ஏதேனும் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பி இணைப்புகளை மட்டும் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கத்தை அடையும் வழி, நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட தடவைகளில் இல்லவே இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எந்தத் திசையிலும் போகக்கூடிய மையப் பகுதியில் இருந்தவை மொத்தத்தில் கால்பங்குக்குச் சற்று அதிகம். மற்றவற்றில் ஒரு பகுதி மையத்தைச் சுட்டியும் மையத்தால் சுட்டப்படாமலும் இருந்தது. இன்னொரு பகுதி எதனோடும் சேராமல் தனித்தே கிடந்தது.

எடுத்துக்காட்டுக்காக ஒரு தளத்தைக் கற்பனை செய்வோம். கொல்லிமலையைப் பற்றி அங்கத்திய ஆசிரியர் ஒருவர் தமிழில் எழுதும் தளம். அருவிகள் ஒரு பிரிவு: ஆகாயகங்கை, மாசிலா, நம் அருவி. நாடுகள் ஒரு பிரிவு: இந்த மலையில் ஊராட்சிகளின் பெயரே வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு என்றுதான் வரும். சாமை வகைகள் ஒரு பிரிவு: வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையின் சிறுதானியங்களைக் காப்பதற்காக வேலை செய்துவருகிறது. ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் இந்தச் சாமைப் பெயர்கள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. தமிழில் அவற்றை விரிவாக எழுதிவைக்கும் ஒரு பக்கம், இணைப்பின் வடிவம் பிசகியதால் தேடுகிறவரின் கைக்கு வராமல் போனால், அது எழுதப்படாத பக்கத்துக்குச் சமம். இந்த இழப்பு என்னை உறுத்துவதால்தான் இவ்வளவு நுணுக்கத்துக்குள் போகிறேன்.

ஆசிரியரின் முகப்புப் பக்கத்தில் ‘சாமை வகைகள்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தொட்டால் பக்கம் திறக்கிறது. மனிதருக்கு அது இணைப்பு. தவழிக்கு? ஹெச்டிஎம்எல் மொழியில் இணைப்புக்கென்றே ‘ஏ’ என்ற குறிச்சொல் உண்டு. போகவேண்டிய முகவரியை அதன் ‘ஹெச்ரெஃப்’ என்ற பண்பில் எழுத வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்திருந்தால்தான் தன்னால் நம்பகமாகப் பின்தொடர முடியும் என்று கூகுள் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. பொத்தானைச் சொடுக்கியதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடிப் பக்கத்தைத் திறக்கும்படி செய்திருந்தால், தவழி அந்த வழியில் போகும் என்று நம்ப முடியாது. 2019 முதல் கூகுளின் தவழியான கூகுள்பாட் புதிய குரோம் உலாவியின் இயந்திரத்தைக் கொண்டே பக்கங்களை விரித்துப் பார்க்கிறது. ஜாவாஸ்கிரிப்டும் அதில் ஓடும். ஆனாலும் அது பொத்தான்களை அழுத்திப் பார்ப்பதில்லை, ‘மேலும் காண்க’ என்பதைத் தொடுவதில்லை. விரித்து முடித்த பக்கத்தில் ‘ஏ’ குறிச்சொல்லாக எவை நிற்கின்றனவோ அவற்றையே எடுத்துக்கொள்கிறது.

முகவரியில் ‘#’ குறிக்குப் பின்னால் வருவதும் இப்படிப்பட்ட இடறுகல்தான். அந்தக் குறிக்குப் பின்னுள்ள பகுதி உலாவியோடு நின்றுவிடும். சேவைக்கணினிக்கு அனுப்பப்படுவதே இல்லை. ஆகவே தேடுபொறி அதைப் பொதுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பக்கத்தில் ‘#மாசிலா’, ‘#ஆகாயகங்கை’ என்று பிரித்து வைத்தால் அட்டவணையில் ஒரு பக்கமே இருக்கும். இதைத் தாண்டுவதற்காக 2009இல் கூகுள் ஒரு வழி சொன்னது: ‘#’ குறியோடு ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்த்து எழுதுங்கள், நாங்கள் அதை வேறொரு வடிவமாக மாற்றிக் கேட்டுக்கொள்கிறோம் என்றது. ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே சில ஆண்டுகள் அதைப் பின்பற்றின. 2015இல் கூகுள் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. தளங்கள் மீண்டும் சாதாரண முகவரிகளுக்கே திரும்ப வேண்டியிருந்தது. இணைப்பு எழுதுவதில் பழைய, எளிய வழியே நீடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஒரு சாய்கோட்டின் விலை

உள்ளிணைப்பை முழு முகவரியாகவும் எழுதலாம், சுருக்கியும் எழுதலாம். முழு முகவரி என்றால் நெறிமுறை, தளப்பெயர், பாதை எல்லாம் சேர்ந்தது. சாய்கோட்டில் தொடங்கி ‘/அருவிகள்/மாசிலா’ என்று எழுதினால் தளப்பெயரை உலாவியே சேர்த்துக்கொள்ளும். சாய்கோடும் இல்லாமல் வெறும் ‘மாசிலா’ என்று எழுதினால், நாம் இப்போது நிற்கும் பக்கத்தின் பாதையைக் கொண்டு உலாவி கணக்கிடும். கணக்கிடும் விதியை டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் மூவரும் எழுதி 2005 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 3986 ஆவணம் வகுத்திருக்கிறது: இப்போதைய முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை வெட்டிவிட்டு, புதியதை அங்கே ஒட்டு.

வெட்டும் இடம் கடைசிச் சாய்கோடு என்பதால், பக்கத்தின் முகவரி சாய்கோட்டில் முடிகிறதா இல்லையா என்பது விளைவையே மாற்றிவிடும். ‘/அருவிகள்/’ என்ற பக்கத்தில் நின்று ‘மாசிலா’ என்ற இணைப்பைத் தொட்டால் ‘/அருவிகள்/மாசிலா’ போவோம். ‘/அருவிகள்’ என்று சாய்கோடு இல்லாமல் திறந்த அதே பக்கத்திலிருந்து தொட்டால் ‘/மாசிலா’ போவோம். அங்கே ஒன்றும் இருக்காது. 404 என்ற பிழைதான் வரும்.

பிழை வந்தால்கூடப் பரவாயில்லை. தவழி குறித்துக்கொண்டு நகர்ந்துவிடும். பிழை வராத தளம்தான் ஆபத்து. மேல்பட்டியில் ‘அருவிகள்/மாசிலா’ என்று முன்சாய்கோடு இல்லாமல் எழுதி, அந்தப் பட்டியை எல்லாப் பக்கத்திலும் காட்டி, எந்த முகவரி கேட்டாலும் ‘சரி’ என்று ஏதாவது ஒரு பக்கத்தைக் கொடுக்கும்படி சேவைக்கணினியை அமைத்திருந்தால் என்ன ஆகும்? ‘/அருவிகள்/’ பக்கத்தில் கணக்கிட்டால் ‘/அருவிகள்/அருவிகள்/மாசிலா’. அங்கே போய் அதே பட்டியைப் படித்தால் இன்னோர் ‘அருவிகள்’ கூடும். அங்கிருந்து இன்னொன்று. முடிவே இல்லாமல் முகவரிகள் பிறந்துகொண்டே இருக்கும். இருபது பக்கமுள்ள ஒரு தளம் தவழியின் கண்ணுக்கு எல்லையற்றதாகிவிடும். அது செலவிட இருந்த நேரம் இந்தப் போலி முகவரிகளில் போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தவழி ஒரு தளத்துக்கு ஒதுக்கும் நேரம், அதன் வரம்பு என்றெல்லாம் சிறு தளக்காரர்களைப் பயமுறுத்தி ஆலோசனை விற்பவர்கள் உண்டு. பத்து லட்சம் பக்கங்களைத் தாண்டிய தளங்களும், நாள்தோறும் வேகமாக மாறும் பத்தாயிரம் பக்கங்களுக்கு மேலுள்ள தளங்களுமே அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பது கூகுளின் சொந்த வழிகாட்டுதல். நம் ஆசிரியரின் தளத்துக்கு அந்தக் கவலை தேவையில்லை. முன்சாய்கோட்டை மறக்காமல் எழுதினால் போதும்.

பழைய எண், புதிய எண்

தமிழ்நாட்டில் பல தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்றும் புதிய எண் ஒன்றும் இருக்கும். தபால்காரர் பழகியவராக இருந்தால் இரண்டும் ஒரே வாசல் என்று அவருக்குத் தெரியும். தவழிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஒவ்வோர் எண்ணையும் ஒரு புதிய வீடாகவே முதலில் எடுத்துக்கொள்ளும்.

கொல்லிமலைப் பக்கத்துக்கு எத்தனை எண்கள் இருக்க முடியும் என்று எண்ணிப் பார்ப்போம். நெறிமுறை பூட்டுடன், பூட்டில்லாமல் என்று இரண்டு. தளப்பெயருக்கு முன் மூன்று டபிள்யூ உண்டு, இல்லை என்று இரண்டு. கடைசிச் சாய்கோடு உண்டு, இல்லை என்று இரண்டு. ‘கொ’வின் இரண்டு வடிவங்கள். பெயரைச் சேர்த்து ‘கொல்லிமலை’ என்று எழுதலாம், பிரித்து இடையில் சிறுகோடு போடலாம், அடிக்கோடும் போடலாம். அது மூன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 48. ஒரே கட்டுரை, 48 முகவரி.

தேடுபொறி இதைக் கையாளத் தெரியாமல் இல்லை. ஒரே உள்ளடக்கம் பல முகவரிகளில் கிடைத்தால் அவற்றைக் குழுவாக்கி, ஒன்றை முதன்மை முகவரியாகத் தேர்ந்துகொள்ளும். எதைத் தேர்வது என்பதற்குப் பல அடையாளங்களைப் பார்க்கும். பழைய முகவரி புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா? தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பில் எது இருக்கிறது? பக்கத்தின் தலைப்பகுதியில் ‘இதுவே முதன்மை முகவரி’ என்று சொல்லும் கெனானிக்கல் குறிப்பு இருக்கிறதா? இந்தக் குறிப்பை கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்தே 2009 பிப்ரவரியில் அறிவித்தன. இத்தனையோடு, தளத்தின் சொந்த உள்ளிணைப்புகள் எந்த வடிவத்தைச் சுட்டுகின்றன என்பதும் ஓர் அடையாளம். தலைப்பகுதியில் ஒரு முகவரியை முதன்மை என்று அறிவித்துவிட்டு, மேல்பட்டியிலும் கட்டுரைகளுக்குள்ளும் வேறொன்றை இணைப்பாகக் கொடுக்கும் தளங்களை நிறையவே பார்க்கலாம். தேடுபொறிக்கு முரணான இரண்டு சாட்சிகள். அது நாம் விரும்பாத ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் குறை சொல்ல முடியாது.

‘கொ’வின் இரட்டை வடிவம் எங்கிருந்து வந்து சேர்கிறது என்பது சுவாரசியமான கதை. ஆப்பிள் கணினிகளில் 1998 முதல் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, கோப்பின் பெயரைச் சேமிக்கும்போது இப்படிப்பட்ட எழுத்துகளைப் பிரித்தே வைத்தது. நாம் சேர்ந்த ‘கொ’ அடித்தாலும் உள்ளே கொம்பும் காலும் தனித்தனி. அந்தக் கணினியில் ‘கொல்லிமலை’ என்று பெயரிட்ட படத்தையோ பக்கத்தையோ லினக்ஸ் சேவைக்கணினிக்கு ஏற்றினால், பிரிந்த வடிவத்துடனே அது அங்கே போய் உட்காரும். கட்டுரையில் இணைப்பைத் தட்டச்சு செய்தவர் சேர்ந்த வடிவத்தில் எழுதியிருப்பார். இரண்டும் பொருந்தாது. திரையில் எழுத்துப் பிழை எதுவும் தெரியாது, ஆனால் பக்கம் கிடைக்காது. எழுதியவர் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் காரணம் புலப்படாத பிழை இது.

தீர்வு இருக்கிறது. யூனிகோடு தரமே இந்த வடிவங்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நெறியை வகுத்திருக்கிறது. என்எஃப்சி என்று அதற்குப் பெயர். அதன்படி கொம்பும் காலும் சேர்ந்து ஒற்றைக் குறியெண்ணாகிவிடும். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் இந்த வடிவத்தையே பரிந்துரைக்கிறது. தளத்தை இயக்கும் மென்பொருள், முகவரியை உருவாக்கும்போதும், வெளியிலிருந்து வரும் கோரிக்கையைப் படிக்கும்போதும் இந்த நெறியைக் கடைப்பிடித்தால் சிக்கல் தீர்ந்தது. தேடுபொறி தானாகவே இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். கட்டுரையின் உரைக்குள் அப்படிச் செய்யலாம். முகவரியில் செய்ய அதற்கு உரிமை இல்லை. பாதையில் உள்ள பைட்டுகளுக்கு என்ன பொருள் என்பதைச் சேவைக்கணினிதான் முடிவு செய்யும். பிரிந்த வடிவில் வைத்த கோப்பைச் சேர்ந்த வடிவில் கேட்டால் கிடைக்காமலே போகக்கூடும்.

என்எஃப்சியாலும் ஆகாத பிழைகள் உண்டு. காலுக்குப் பதில் ரகரத்தை அடிப்பது, ‘கௌ’ என்பதைக் கொம்பும் ளகரமுமாக அடிப்பது. பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு அவை முற்றிலும் வேறு எழுத்துகள். எந்த நெறியும் அவற்றை ஒன்றாக்காது. தட்டச்சு செய்கிறவரின் கவனம் ஒன்றே காவல்.

இணைப்பின் மேல் எழுதிய சொல்

1998இல் செர்கே பிரின்னும் லாரி பேஜும் ஸ்டான்ஃபோர்டில் கூகுளின் முதல் வடிவத்தை விளக்கி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், இணைப்புகளைக் கொண்டு பக்கங்களின் முக்கியத்துவத்தை அளக்கும் பேஜ்ரேங்க் கணக்கோடு இன்னொரு யோசனையும் இருந்தது. ஓர் இணைப்பின் மேல் எழுதியிருக்கும் சொல்லை, அது எழுதப்பட்ட பக்கத்தோடு மட்டும் நிறுத்தாமல், சுட்டப்படும் பக்கத்தின் விவரமாகவும் அட்டவணையில் சேர்ப்பது. அப்போது அவர்கள் படித்த 2.4 கோடிப் பக்கங்களிலிருந்து 25.9 கோடி இணைப்புச் சொற்களைச் சேர்த்திருந்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, அதைச் சுட்டுகிறவர் சொல்வது பலநேரம் துல்லியமாக இருக்கிறது என்பது அவர்கள் கண்டது.

ஆகவே ‘இங்கே சொடுக்கவும்’ என்பது வீணடித்த இடம். ‘மல்லியச்சாமை எப்போது விதைப்பது’ என்று இணைப்பின் மேலேயே எழுதினால், படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் ஒரே சமயத்தில் சொன்னதாகும். தளவரைபடக் கோப்பால் இதைச் செய்ய முடியாது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள்வரை கொடுக்கலாம்; பக்கம் இருக்கிறது என்று தெரிவிக்கும், அது எதைப் பற்றியது, எதனோடு உறவுடையது என்று சொல்லாது.

தமிழில் ஒரு கூடுதல் முடிச்சு. நம் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறிவிடும். சோளக்காடு, சோளக்காட்டில் ஆகிறது. வளப்பூர் நாடு, வளப்பூர் நாட்டுக்கு ஆகிறது. வாக்கியத்துக்குள் இயல்பாக இணைப்புக் கொடுக்க வேண்டுமானால், முகவரியில் பெயரின் அடிப்படை வடிவமும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் உருமாறிய வடிவமும் இருக்க வேண்டும். இதைத் தமிழில் மிக நேர்த்தியாகச் செய்து பழகிய இடம், 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியா. அங்கே எழுதுகிறவர்கள் இரட்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் முதலில் ‘சோளக்காடு’, பிறகு ஒரு செங்குத்துக் கோடு, அதன்பின் ‘சோளக்காட்டில்’ என்று எழுதுவார்கள். இடப்பக்கம் முகவரி, வலப்பக்கம் வாசகருக்கு. மென்பொருள் அதை ‘ஏ’ குறிச்சொல்லும் ‘ஹெச்ரெஃப்’பும் கொண்ட முறையான இணைப்பாக மாற்றிக்கொடுக்கும். எழுத்துகளை என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவந்த பிறகே சேமிக்கும். சேர்த்தும் பிரித்தும் எழுதும் பெயர்களுக்கு வழிமாற்றுப் பக்கம் வைக்கலாம்; அந்த வழியாக வரும் தவழிக்கு முதன்மை முகவரி எது என்று கெனானிக்கல் குறிப்பும் கிடைக்கும். ஒரு தன்னார்வலர் இதில் எதையும் அறியாமலே எழுதலாம். எல்லாம் சரியாகவே நடக்கும். தமிழில் தளம் கட்டுகிற ஒவ்வொருவரும் இந்த அமைப்பை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதே அமைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. இன்னும் எழுதப்படாத கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தால் அது சிவப்பாகத் தெரியும். சிவப்பு இணைப்பின் முகவரி வடிவமே வேறு. புதிய கட்டுரையைத் தொடங்கும் தொகுப்புப் பக்கத்துக்கு அது போகிறது. அந்த முகவரிகள் எல்லாம் ‘/டபிள்யூ/’ என்ற ஒரு பாதைக்குக் கீழ் வருகின்றன. தவழிகள் எங்கே வரலாம், எங்கே கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அந்தப் பாதை தடுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு கட்டுரையில் பத்துச் சாமைப் பெயர்கள் சிவப்பாக நின்றாலும், பத்து வெற்றுப் பக்கங்கள் அட்டவணையில் சேர்ந்துவிடாது. யாராவது ஒருவர் கட்டவெட்டிச்சாமையைப் பற்றி எழுதிச் சேமித்ததும், அந்தப் பெயரைச் சுட்டிய எல்லாக் கட்டுரைகளிலும் இணைப்பு நீலமாகி, முகவரி திறந்த பாதைக்கு மாறும். தவழி அடுத்து அந்தக் கட்டுரைகளில் ஒன்றைப் படிக்க வரும்போது, புதிய முகவரி அதன் வரிசையில் சேர்ந்துகொள்ளும்.